அசுரன் மயிலானான்: தெய்வத் திருவுருவங்களும் நம் மனநிலைகளும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு, ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டுத் திருவிழாவில் தெய்வ வடிவங்களின் தத்துவம் என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது இரண்டு நாள் தயங்கினேன். சைவ சித்தாந்தத்தை முறையாகப் பயின்றவன் அல்லன் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தேன். அதன்பின் மலாய் வழிக் கல்வி. அதன்பின் அரசாங்கப் பணி. நாள்தோறும் கோப்புகளைப் படிப்பவனே அன்றிச் சாத்திரங்களைப் படிப்பவன் அல்லன். ஆயினும் இந்த அம்மன் முன்பு எழுந்தருளியிருந்த தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்னும் உரிமை ஒன்று எனக்கு உண்டு. அதனை நம்பியே உங்கள்முன் நிற்கிறேன்.

தெய்வ வடிவங்களுக்கு விளக்கம் கூறுவது இக்காலத்தில் மிக எளிதாகிவிட்டது. விநாயகரின் பெரிய காது நிறையக் கேட்கச் சொல்கிறது, சிறிய கண் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது, பெரிய வயிறு எதையும் செரித்துக்கொள்ளச் சொல்கிறது என்று காலையில் கைப்பேசியைத் திறந்தவுடன் வண்ணப் படத்தோடு செய்தி வந்து நிற்கிறது. அவை தவறு என்று நான் கூறவரவில்லை. ஆனால் சினம் பொங்கும் வேளையில், அச்சம் நெஞ்சைப் பிடிக்கும் வேளையில், அந்த விளக்கங்களுள் ஒன்றேனும் கைக்கு எட்டுகிறதா? எனக்கு எட்டியதில்லை. ஆகவே வேறு வழியில் போக எண்ணுகிறேன். தெய்வத்தின் திருமுகத்தைத் தரிசித்தபின் பார்வையைச் சற்றுக் கீழே இறக்குங்கள். திருவடியின் கீழே என்ன இருக்கிறது? எதன்மீது அமர்ந்திருக்கிறார்? அங்கேதான் நாம் இருக்கிறோம் என்பது என் எண்ணம்.

பிள்ளையாரின் காலடியில் இருப்பது மூஞ்சூறு. கசமுகாசுரன் என்பவன் எந்தப் படையாலும் சாகாத வரம் பெற்றவன். பிள்ளையார் தம் கொம்பையே முறித்து அவன்மீது எறிந்தார் என்றும், அவன் எலியுருக் கொண்டு பாய்ந்தபோது அவனைத் தம் ஊர்தியாக ஆக்கிக்கொண்டார் என்றும் புராணம் கூறும். எலியை அறியாத லயத்து வீடு உண்டோ? அரிசித் தகரத்தை இரவெல்லாம் சுரண்டும். விளக்கை ஏற்றினால் ஓசை இராது. அணைத்தால் மீண்டும் தொடங்கும். கவலையும் அப்படித்தான். பகலெல்லாம் வேலைக்கிடையே காணாமற் போய்விட்டுப் படுத்தவுடன் வந்து சுரண்டுகிறது. பிள்ளையார் அந்த எலியை அடித்து வெளியே எறியவில்லை. அதன்மேல் தம் பாரத்தை வைத்து, தாம் போகவேண்டிய இடத்திற்கு அதனை ஓட்டுகிறார். (இன்று செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க ஆந்தைக் கூடுகளை நட்டு வைக்கிறார்கள். வங்காளத்தில் ஆந்தையே திருமகளின் வாகனம். தோட்ட நிர்வாகிகள் இதனை அறிந்து செய்தார்களோ அறியாமற் செய்தார்களோ, பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.)

தோட்டத்தின் எல்லைக்குப் போவோம். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் சில ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் பாதுகாக்கப்பட்டு வருவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பின்னாளில் பேராக் மாநிலம் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியபோது, கப்பலேறி வந்த நம் முன்னோர் கொண்டுவந்த மூட்டையில் துணிமணி சிறிதளவே இருந்தது. ஊர்த் தெய்வங்கள் அனைத்தும் இருந்தன. நடுவில் மாரியம்மனை வைத்தார்கள். பால்காட்டுக்குள் நுழையும் வழியில், ஒரு மரத்தடியில், முனீஸ்வரரை வைத்தார்கள்.

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தாய்மார்கள் தனித்தனியே தத்தம் நிரைக்குள் நுழைய வேண்டும். பாம்பு உண்டு, காட்டுப்பன்றி உண்டு. பழைய நாளில் புலியும் உண்டு. அச்சம் வராமல் இருக்குமா? அச்சப்படாதே என்று அவர்களிடம் யாரும் உபதேசம் செய்யவில்லை. அந்த அச்சத்துக்கே முறுக்கிய மீசையும் விழித்த கண்ணும் வைத்து, கையில் அரிவாளைக் கொடுத்து, வாயில் சுருட்டையும் வைத்து, எல்லையில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தால் அது நம்மைத் தின்னும். எல்லையில் நின்றால் நம்மைக் காக்கும். என் தாயார் அந்த மரத்தைக் கடக்கும்போது, ‘முனியாண்டி, பார்த்துக்கப்பா’ என்று மகனிடம் கூறுவதுபோல் ஒரு சொல் கூறிவிட்டுப் போவார். அச்சத்தோடு அவ்வளவு உறவு கொண்டாடியவர்களை நான் படித்தவர்களிடையே கண்டதில்லை.

இனி அன்னை மாரியம்மன். பெரியம்மை நோய்க்குரிய தெய்வம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, அம்மன் போகவில்லை. ஏன்? நாம் பேசும் தமிழையே சற்றுக் கவனியுங்கள். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது என்கிறோம். அவமானம் நேர்ந்தால் நெஞ்சு கொதிக்கிறது. பிள்ளை தேர்ச்சி பெற்றால் மனம் குளிர்கிறது. மனத்துக்கு வெப்பமானியை வைத்த மொழி நம்முடையது. ஆகவேதான் வேப்பிலையும் மஞ்சள் நீரும் ஆடி மாதத்துக் கூழும். தீக்குழியைக் கடந்தவர் பாற்குழியில் கால் வைப்பதும் அதற்கே. இங்கேயும் ஒன்று பாருங்கள்: அன்னையின் தலையில் இருப்பது பூமுடி அன்று, தீச்சுடர் முடி. வெப்பத்தை ஆற்றுபவள் வெப்பத்தைத் தன் தலையிலேயே சூடியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்கவும் எனக்கு விருப்பமில்லை. தமிழகத்துச் சிவாலயங்களில் வடக்குக் கோட்டத்தில் நிற்கும் துர்க்கையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காலின் கீழே எருமைத் தலை மட்டுமே இருக்கும். அங்கே அசுரனுக்கு மாற்று வாழ்வு இல்லை. மாமல்லபுரத்துக் குகையில் பல்லவர் செதுக்கிய சிற்பத்தில் மகிடனோடு போர் நடந்துகொண்டிருக்கிறது. சோழர் காலத்துக் கோட்டத்தில் போர் முடிந்து அமைதி நிலவுகிறது. அடியோடு அறுத்தெறிய வேண்டிய குணங்களும் மனிதரிடம் உண்டு போலும். அவை எவை என்பதை அவரவரே அறிவர்.

ஆடவல்லானின் திருவடியின் கீழே கிடப்பவன் முயலகன். இறைவனின் கூத்துக்குப் பொருள் கூறும் நூல்களுள் திருவதிகை மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம் முதன்மையானது. துடியேந்திய கை படைத்தல், அமைந்த கை காத்தல், தீயேந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், எடுத்த திருவடி அருளல் என ஐந்தொழிலும் அதில் காட்டப்பெறும். இலங்கையில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அக்கருத்தை மேனாட்டாருக்கு எடுத்துச் சொன்னார். 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு அளித்த நடராசர் சிலை ஒன்று, ஜெனீவாவின் அருகே அணுத்துகள்களை ஆராயும் செர்ன் நிலையத்தின் வளாகத்திலும் நிற்கிறது. இவை பெருமைக்குரியனவே. ஆனால் பேசும் அனைவரும் மேலே பார்த்துப் பேசுகிறார்கள். கீழே கிடப்பவனைப் பற்றி ஒரு வரியில் ‘ஆணவம்’ என்று கூறி முடித்துவிடுகிறார்கள்.

முயலகன் என்பது ஒரு நோயின் பெயரும் ஆகும். வலிப்பும் நினைவிழப்பும் கொண்ட நோய். வடமொழியில் அவனுக்கு வழங்கும் அபஸ்மாரன் என்னும் பெயரும் நினைவு தப்பிய அந்நிலையையே குறிக்கும். திருச்சிராப்பள்ளியின் அருகேயுள்ள திருப்பாச்சிலாச்சிராமம் என்னும் தலத்தில், கொல்லிமழவன் என்னும் மன்னனின் மகள் இந்நோயால் நினைவிழந்து கிடக்க, திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடி அவளை எழுப்பிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைப்பார். இன்று திருவாசி என்று வழங்கும் அவ்வூரில் நடராசரின் திருவடியின் கீழே முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. மற்றத் தலங்கள் பலவற்றில் முயலகன் உயிரோடே கிடக்கிறான். செப்புத் திருமேனிகளில் உற்று நோக்குங்கள். தலையைத் தூக்கி மேலே பார்க்கிறான். அவன் முகத்தில் நோவு தெரிவதில்லை.

இவ்வளவு நேரம் புராணம் பேசினேன். இனி என் வீட்டுக் கதையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

1996ஆம் ஆண்டில் எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டன. ஒரு பகுதி செம்பனையாயிற்று. மறு பகுதி வீடமைப்புத் திட்டமாயிற்று. நாங்கள் ஈப்போவின் புறத்தே ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தோம். அப்பாவுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டாம் வயதில் உளியைப் பிடித்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நாற்பது ஆண்டுகள் இருட்டிலேயே எழுந்தவர். மாடி வீட்டுக்கு வந்த பிறகும் நான்கு மணிக்கு எழுந்தார். வரக்காப்பி கலக்குவார், குடிப்பார், மாடிப்படியில் போய் அமர்வார். வெட்டுவதற்கு மரம் இல்லை. விடியும்வரை அமர்ந்திருந்துவிட்டு உள்ளே வந்து படுப்பார். சில திங்களில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. தம் பெயரையே மறந்தவர்போல், கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார்.

காத்துக் கருப்பு பட்டிருக்கும், பூசாரியிடம் அழைத்துச் சென்று கயிறு கட்டுங்கள் என்றார் உறவினர் ஒருவர். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று மற்றொருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 1911ஆம் ஆண்டிலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. இன்று அதன் பெயரிலேயே ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்னும் சொல் இருக்கிறது. ஆயினும் அந்த ஊரின் பெயர் நம்மிடையே ஒரு வசவாகவே புழங்கி வந்திருக்கிறது. அந்த வசவுக்கு அஞ்சியே நாங்கள் அப்பாவை எந்த மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவில்லை. மனச்சோர்வு என்பது காய்ச்சலைப்போல் ஒரு நோய் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டிலேயே முயலகன் கிடந்தான்; எனக்கு அவனைத் தெரியவில்லை.

1997ஆம் ஆண்டில் நான் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். இரவு ஒரு மணிவரை படித்துவிட்டுப் படுப்பேன். நான்கு மணிக்குச் சமையற்கட்டில் தகரக் குவளையின் ஓசை. ஒருநாள் எழுந்து சென்று, ‘உங்களுக்குத்தான் வேலை இல்லையே, ஏன் எங்களையும் தூங்கவிடாமல் செய்கிறீர்கள்?’ என்று கத்திவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குவளையை ஓசைப்படாமல் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து நான்கு மணிக்கு ஓசை இல்லை. எழுவதை நிறுத்திவிட்டார் என்று எண்ணினேன். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன்: பாயில் மல்லாந்து படுத்து, கண்களைத் திறந்தவாறே, அசையாமல் கிடந்தார். நான் விழித்துவிடுவேனோ என்று ஆறு மணிவரை அப்படியே கிடந்திருக்கிறார், ஒவ்வொரு நாளும்.

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் நம் ஆலயங்களில் நடைபெறும் சூரசம்ஹாரத்தைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். சூரனுக்குத் தலையை மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். யானைத் தலை, சிங்கத் தலை, பிறகு அவன் சொந்தத் தலை. என் சினமும் அன்று அப்படித்தான் தலை மாற்றிக்கொண்டு வந்தது. முதலில் அது தேர்வைப் பற்றிய கவலையின் தலையோடு வந்தது. பிறகு நியாயத்தின் தலையோடு வந்தது. கடைசியில்தான் அதன் சொந்தத் தலை எனக்குத் தெரிந்தது. வேலையிழந்து அமர்ந்திருக்கும் தந்தையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். திருக்குறளில் வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. தமிழ்ப்பள்ளியில் அதனை மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியவன் நான்.

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தின்படி, சூரபதுமன் இறுதியில் கடலின் நடுவே மாமரமாக மாறி நின்றான். வேல் அம்மரத்தை இரு கூறாகப் பிளந்தது. ஒரு கூறு மயிலாயிற்று. மறு கூறு சேவலாயிற்று. பிளந்த பிறகும் அவை பகையோடே பாய்ந்து வந்தன. பெருமானின் அருட்பார்வை பட்ட பிறகே அடங்கின. மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியில் ஏறிற்று. சூரனைக் கொன்றார் என்று நாம் சொல்வது பழக்கத்தால் வந்த பேச்சு. அவன் சாகவில்லை. அதே வலிமை, அதே வேகம், அதே உரத்த குரல்; வேலை மட்டும் மாறியது. சேவல் எதற்குக் கூவுகிறது? விடியலை அறிவிக்க.

1998ஆம் ஆண்டில் இந்த ஆலயத்தின் அன்றைய தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து அம்மனை இந்த இடத்திற்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் வைத்திருந்த காலம் அது. குருக்கள் வேறோர் ஆலயத்திலிருந்து ஏழு மணிக்குத்தான் வருவார். தலைவர் அப்பாவிடம் நலம் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ‘அண்ணே, காலையிலே நாலு மணிக்கு எழுந்திரிக்கிற ஆளு எனக்கு ஒருத்தர் வேணும். கோவிலைத் திறந்து, கழுவி, விளக்கேத்தி வெக்கணும். பசங்க யாரும் எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க’ என்று கூறிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா அன்று முழுவதும் அந்தச் சாவியைத் தொடவில்லை. மறுநாள் காலை நான்கு மணிக்குக் குவளையின் ஓசை கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோர் ஆண்டுகள், 2009ஆம் ஆண்டில் இறைவனடி சேரும்வரை, அப்பாவே இந்த ஆலயத்தைத் திறந்தார். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய நான்கு மணி விழிப்பு நீங்கவே இல்லை. அதுவரை அவரைத் தின்றுகொண்டிருந்த அதே விழிப்பு, பிறகு அவரை ஏற்றிக்கொண்டு நடந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; எல்லா மனநோய்க்கும் ஆலயச் சாவி மருந்து என்று நான் கூறவில்லை. இன்று அந்த நிலையில் ஒருவரைக் கண்டால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வேன். சாவியைப் பிறகு கொடுப்பேன். ஆனால் கொடுக்காமல் இருக்கமாட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அகத்திய முனிவரின் ஆணையால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு குன்றுகளை ஒரு தடியின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். பழனியில் இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு போரிட்டு மாண்டு, பிறகு அவனருளாலே உயிர்பெற்று, அம்மலைக்கே காவலனானான். தைப்பூசக் காவடிக்கு அவனே முன்னோடி. அதனால்தான் பூசம் முடிந்தபின் இடும்பன் பூசையும் நடத்துகிறோம். பால்காட்டில் வேலை செய்தவர்கள் காண்டாக் கம்பை மறந்திருக்கமாட்டார்கள். கம்பின் இரு முனையிலும் பால் நிறைந்த வாளிகள். நடக்கும்போது ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. அப்பாவின் வலத்தோளில் அந்தக் கம்பு பதித்த தழும்பு கடைசிவரை இருந்தது.

1999ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்கு அப்பா பால் காவடி எடுத்தார். நான் பக்கத்தில் நடந்தேன். காவடியின் தண்டு அந்தத் தழும்பின்மேலேயே சரியாகப் பொருந்தியிருந்தது. பாதி வழியில், நிழலில் சற்று நின்றபோது, என்னைப் பார்த்து, ‘அந்த வருசப் பரீட்சையிலே நீ பாஸ் பண்ணிட்டே, இல்லே?’ என்று கேட்டார். ஆமாம் அப்பா என்றேன். ‘நல்லது’ என்றார். மீண்டும் நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒன்றரை ஆண்டாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எவையும் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருக்கலாம், நான் சொல்லவில்லை.

மணியோசை கேட்கிறது, தீபாராதனைக்கு நேரமாயிற்று என்று எண்ணுகிறேன். ஆலயத்தின் சாவி இப்போது இளைஞர் பகுதியைச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் இருக்கிறது. நாளை பால்குட ஊர்வலம். காலை நான்கரை மணிக்கே மண்டபத்தைக் கழுவிக் கோலமிட வேண்டும், ஆட்கள் போதவில்லை என்று அவர் என்னிடம் கூறினார். நான் வருகிறேன். வர இயன்றவர்கள் தீபாராதனை முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.